கருணையும் கற்க வேண்டிய கலையே

இரக்கம் எல்லோர் உள்ளத்திலும் இயல்பாக எழும் உணர்ச்சி. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு கன்றைக் கண்டு ‘ஐயோ பாவம்’ என்று சொல்லாதவர் அரிது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின் என்ன நிகழ்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நிகழ்வதில்லை. உணர்ச்சி எழுகிறது, அடங்குகிறது. வழிப்போக்கர் தம் வழியே செல்கிறார். இரக்கம் செயலாகி, செயல் பொறுப்பாகி, அந்தப் பொறுப்பு ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும்போதுதான் அது கருணை என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. இவ்வுண்மையை உணர்த்தவல்லது, அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ஒரு வெள்ளாட்டின் வரலாறு.

பூங்காவில் அலைந்த உயிர்

2007-ஆம் ஆண்டு. நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள பிராஸ்பெக்ட் பூங்காவில் ஒரு வெள்ளாடு தனியே அலைந்துகொண்டிருந்தது. மாநகரின் நடுவே வெள்ளாடு எங்கிருந்து வந்தது? விலங்குகளை உயிரோடு நிறுத்தி வைத்து, வாங்குபவர் தேர்ந்தெடுத்த பின் அறுத்துத் தரும் கடைகள் அந்நகரில் பல உண்டு. அத்தகைய ஒரு கடையிலிருந்து அது தப்பி வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன் கால்களில் புண்கள் இருந்தன. கால்களை இறுகக் கட்டிப் போட்டதால் விளைந்தவை அவை என்பது கண்டவர்களின் முடிவு.

கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட காலில் குருதியோட்டம் தடைப்படுகிறது. கட்டுக்குக் கீழே உள்ள தசை உயிர்ச்சத்தின்றி வாடுகிறது. தோல் அறுபட்ட இடத்தில் கிருமிகள் புகுகின்றன. சந்தைக்குக் கொண்டுசெல்லும் சில மணி நேர வசதிக்காகப் போடப்பட்ட ஒரு முடிச்சு, ஓர் உயிரின் காலையே பறித்துவிடக்கூடும். முடிச்சைப் போட்டவர் அந்த ஆட்டின்மீது பகை கொண்டவர் அல்லர். அது துன்புற வேண்டும் என்று விரும்பியவரும் அல்லர். அவர் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. உலகில் விலங்குகள் படும் துன்பத்தில் பெரும்பகுதி வெறுப்பினால் நேர்வதன்று, நினையாமையால் நேர்வது.

அந்த ஆடு, நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் இருந்த உட்ஸ்டாக் பண்ணை விலங்குக் காப்பகத்தை அடைந்தது. அங்கே அதற்கு ‘ஆல்பி’ என்று பெயரிட்டனர்.

பெயருக்குப் பின்னே ஒரு பெரியார்

ஆல்பி என்பது ஆல்பர்ட் என்பதன் செல்லச் சுருக்கம். ஆல்பர்ட் சுவைட்சரின் நினைவாக இட்ட பெயர் அது. 1875-இல் பிறந்த சுவைட்சர், தத்துவம், சமயநூல், இசை ஆகிய மூன்றிலும் புகழ்பெற்ற பின், மருத்துவமும் கற்று, 1913-இல் ஆப்பிரிக்காவின் லாம்பரீனில் மருத்துவமனை அமைத்தார். அம்மருத்துவமனை வளாகத்தில் நோயாளிகளோடு ஆதரவற்ற விலங்குகளும் பறவைகளும் அடைக்கலம் பெற்றன. 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

சிறுவனாக இருந்தபோதே அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: ‘இரவு வழிபாட்டில் மனிதருக்காக மட்டும் ஏன் வேண்டிக்கொள்கிறோம்?’ தாயார் முத்தமிட்டுச் சென்றபின், மூச்சுவிடும் உயிர்கள் அனைத்துக்காகவும் தாமே அமைத்துக்கொண்ட ஒரு வேண்டுதலை அவர் ஓசையின்றிச் சொல்லிவந்தார். அக்குழந்தையின் வேண்டுதலே பின்னாளில் ஒரு தத்துவமாக மலர்ந்தது. 1915-இல் ஓகோவே ஆற்றில் படகில் சென்றுகொண்டிருந்தபோது, ‘உயிரின்பால் பயபக்தி’ என்ற சொற்றொடர் அவர் மனத்தில் தோன்றியது. அவரது அறநெறி முழுவதற்கும் அதுவே அச்சாணி ஆயிற்று.

இந்தியச் சிந்தனையைப் பற்றியும் சுவைட்சர் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் எழுப்பிய ஒரு வினா இந்நாட்டவர் ஊன்றிச் சிந்திக்கத்தக்கது. கொல்லாமையும் தீங்கு செய்யாமையும் மட்டும் போதுமா? துன்புறும் உயிரிடம் சென்று அதன் துன்பத்தைத் துடைப்பதும் அறமன்றோ? செயலிலிருந்து விலகி நிற்கும் தூய்மையைவிட, செயலில் இறங்கும் அன்பே உயர்ந்தது என்பது அவர் கருத்து. அவ்வாறு செயலில் இறங்கும் அன்பைத் திருக்குறளில் கண்டு அதை அவர் மிக உயர்வாகப் போற்றினார். வள்ளுவர் ‘கொல்லாமை’க்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றுவிடவில்லை, ‘அருளுடைமை’ என்று மற்றோர் அதிகாரத்தையும் வகுத்தார். முன்னது, கையைத் தீமையிலிருந்து விலக்குகிறது. பின்னது, அதே கையை நன்மையின்பால் நீட்டுகிறது.

காலைக் காப்பதா, உயிரைக் காப்பதா?

ஆல்பியின் புண்களுக்கு மருத்துவம் தொடர்ந்தது. ஆயினும் முன்னங்கால் ஒன்றில் புகுந்த கிருமித்தொற்று அகலவில்லை. இறுதியில் அக்காலை அகற்ற வேண்டியதாயிற்று.

பண்ணை விலங்குகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது எத்தகைய முடிவு என்பது விளங்கும். நாய்க்கும் பூனைக்கும் ஒரு கால் போனால், மூன்று காலில் ஓடியாடி வாழ்வதைப் பலரும் கண்டிருப்பர். ஆடு மாடுகளின் நிலை வேறு. அவற்றின் உடல் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஒரு முன்னங்கால் போய்விட்டால் அச்சுமை முழுவதும் எஞ்சிய ஒன்றன்மேல் இறங்குகிறது. எழுந்து நிற்கும் முறையிலும் இடர் உண்டு. ஆடும் மாடும் எழும்போது முதலில் பின்பகுதியை உயர்த்துகின்றன. அப்போது முன்னங்கால்களை மடக்கி முழங்காலில் ஊன்றி நிற்கின்றன. அதன் பிறகே முன்பகுதி எழுகிறது. முன்னங்கால் ஒன்றை இழந்த ஆடு, நாள்தோறும் பலமுறை, ஒற்றை முழங்காலில் தன் பாரத்தைத் தாங்கியே எழ வேண்டும். காலப்போக்கில் அந்த மூட்டு தேய்கிறது. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைகிறது. எஞ்சிய குளம்பு ஒழுங்காகத் தேயாமல் கோணி வளர்கிறது.

இதனால்தான் வணிகப் பண்ணைகளில் காலிழந்த ஆட்டுக்கு இடமில்லை. அதற்குச் செலவிடும் பணத்தில் பல ஆடுகளை வாங்கிவிடலாம். கணக்கு என்ற அளவில் இதை மறுக்க இயலாது. ஆனால் ஓர் உயிரை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது என்பதே இங்கு எழும் கேள்வி. ‘இந்த ஆட்டின் விலை என்ன?’ என்று கேட்பவருக்கு ஒரு விடை கிடைக்கும். ‘இந்த ஆட்டுக்கு அதன் உயிரின் விலை என்ன?’ என்று கேட்பவருக்கு வேறு விடை கிடைக்கும்.

வலியை அறிந்தவர் கண்

உட்ஸ்டாக் காப்பகத்தை 2004-இல் தோற்றுவித்தவர்கள் ஜென்னி பிரௌன் என்ற அம்மையாரும், திரைப்படத் தொகுப்பாளரான அவர் கணவர் டக் ஏபலும் ஆவர். ஜென்னி பிரௌனுக்குப் பத்து வயதில் எலும்பில் புற்றுநோய் கண்டு, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. நோயுற்றிருந்த அந்நாட்களில் அவருக்கு உற்ற துணையாக இருந்தது ஒரு பூனை. பேசத் தெரியாத ஓர் உயிர் மனிதர்க்கு எவ்வளவு ஆறுதல் தரக்கூடும் என்பதை அச்சிறுமி அப்போதே உணர்ந்தாள். வளர்ந்தபின் திரைத்துறையில் பணியாற்றிய அவர், விலங்குச் சந்தைகளில் நடப்பவற்றை மறைவாகப் படம் பிடித்தார். எழ முடியாமல் விழுந்து கிடந்த விலங்குகள் அங்கு நடத்தப்பட்ட விதமே அவரது வாழ்வின் திசையை மாற்றிற்று. இவ்வரலாற்றை 2012-இல் வெளியான ‘தி லக்கி ஒன்ஸ்’ என்ற தம் நூலில் அவர் எழுதியுள்ளார்.

செயற்கைக் காலில் நடந்துவந்த அவரிடம் ஒரு காலை இழந்த ஆடு வந்து சேர்ந்தது. அவருக்குச் செயற்கைக் கால் செய்து தந்த வல்லுநரே ஆல்பிக்கும் ஒரு செயற்கைக் காலை வடிவமைத்தார். மனிதருக்குக் கால் செய்யும் கலை ஒரு வெள்ளாட்டின் பொருட்டும் பயன்பட்டது.

தன் துன்பம் மனிதனை இருவகையில் மாற்றக்கூடும். ‘எனக்கே இத்தனை வலி இருக்கையில் மற்றவரைப் பற்றி எனக்கென்ன?’ என்று உள்ளத்தை அது இறுக்கலாம், அல்லது, ‘இந்த வலி எத்தகையது என்று நான் அறிவேன், எனவே நான் வாளாவிருக்கலாகாது’ என்று விரிக்கலாம். துன்பம் ஒன்றேதான், அதை ஏற்கும் உள்ளமே வேறுபடுகிறது. சாதகன் தனக்கு நேரும் நோயையும் இழப்பையும் இந்த நோக்கில் பயன்படுத்தக் கற்றால், அவை வீணாவதில்லை.

அன்பு மட்டும் போதுமா?

மாற்றுத்திறன் கொண்ட ஒரு விலங்கைப் பேணுவது, அன்புக்கு அறிவு தேவை என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. செயற்கைக் காலை ஒருமுறை பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. உறுப்பு அகற்றப்பட்ட இடத்தின் வடிவம் காலப்போக்கில் மாறும். அதற்கேற்பக் குழியுறையையும் மாற்ற வேண்டும். உறையின் உள்ளே ஈரமோ அழுத்தமோ நேர்ந்தால் தோல் புண்ணாகும். ஆகவே அதைக் கழற்றித் தோலை ஆராய்வது அன்றாடக் கடமை. குளம்பைச் சில வாரங்களுக்கு ஒருமுறை செதுக்கிச் சீராக்க வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஆடு, வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனம். வலியை வெளிக்காட்டும் ஆடே முதலில் வேட்டையாடப்படும் என்பதால், வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம் ஆகிவிட்டது. அது கதறும்வரை காத்திருப்பவர் காலம் தாழ்த்தியவர் ஆவார். அசை போடுவது குறைந்துள்ளதா, மந்தையிலிருந்து விலகி நிற்கிறதா, பல்லை நறநறவென்று கடிக்கிறதா, காதுகள் தொங்குகின்றனவா என்று கவனிப்பவரே அதன் மௌனத்தைப் படிக்க வல்லவர். மந்தையில் ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தம் வரிசையை நிலைநாட்டுவதும் இயல்பு. மூன்று காலில் நிற்கும் ஆட்டை மற்றவை தள்ளிவிடும். அதற்காக அதைத் தனியே அடைத்துவைத்தாலோ, கூட்டமாக வாழும் அவ்வுயிர் ஏங்கிப்போகும். ஆகவே சாதுவான ஒரு துணையைத் தேர்ந்து அதனோடு சேர்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானது உணவுக் கட்டுப்பாடு. ஊனமுற்ற உயிரைக் கண்டவுடன் மனிதர் செய்யும் முதற்செயல், எதையாவது ஊட்டுவதே. ஆனால் மூன்று காலில் நிற்கும் ஆட்டுக்குக் கூடும் ஒவ்வொரு கிலோ எடையும் எஞ்சிய மூட்டுக்குச் சுமை. ஆட்டின் முதல் இரைப்பை தழையையும் புல்லையும் செரிக்க அமைந்தது. அங்கு வாழும் நுண்ணுயிர்களே அதன் சமையற்காரர்கள். தானியம் மிகுதியாகச் சென்றால் அங்கே அமிலம் பெருகி, நுண்ணுயிர்கள் மடிந்து, ஆடே உயிரிழக்கக்கூடும். ஊட்டுபவருக்கு மகிழ்ச்சி, உண்டவருக்கு மரணம். ‘நான் கொடுத்தேன்’ என்ற நிறைவுக்காகக் கொடுப்பது, பெறுபவரை மறந்து கொடுப்பதேயாகும்.

ஆசிரமத்துக் கன்று

மாற்றுத்திறன் கொண்ட உயிரை எவ்வாறாயினும் வாழவைத்தே ஆக வேண்டுமா? இந்த வினாவைத் தவிர்க்க முடியாது. இந்திய வரலாற்றில் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் காந்தியடிகள்.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்று வேதனையில் கிடந்தது. இயன்ற மருத்துவமும் பணிவிடையும் செய்யப்பட்டன. இனிக் காப்பாற்ற வழியில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். புரண்டு படுக்கக்கூட இயலாத அளவு வலி. காந்தியடிகள் ஆசிரமத்தாருடன் கலந்து ஆலோசித்தார். உயிரைத் தர இயலாதவனுக்கு அதை எடுக்கவும் உரிமையில்லை என்ற எதிர்ப்பும் எழுந்தது. அதையும் செவிமடுத்தபின், தம் முன்னிலையிலேயே மருத்துவர் மூலம் நச்சு ஊசி போடச் செய்து, கன்றின் வேதனையை முடித்தார். பிறகு அதை மறைக்காமல் ‘நவஜீவன்’, ‘யங் இந்தியா’ இதழ்களில் தாமே எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன.

அவற்றுக்கு விடையளிக்கையில், இத்தகைய செயல் எப்போது அகிம்சையாகும் என்பதற்கு அவர் நான்கு நிபந்தனைகளை வகுத்தார். நோய் தீராததாக இருத்தல் வேண்டும். தொடர்புடைய அனைவரும் நம்பிக்கை இழந்திருத்தல் வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்தராத நிலையாக இருத்தல் வேண்டும். அவ்வுயிர் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாததாக இருத்தல் வேண்டும். இப்பட்டியலில் இடம்பெறாத ஒன்றைக் கவனித்தல் நன்று. பேணுபவரின் செலவு, சலிப்பு, வசதி ஆகிய எதுவும் அதில் இல்லை.

இந்த அளவுகோலை ஆல்பிக்குப் பொருத்திப் பார்த்தால் தெளிவு பிறக்கும். அதன் காலைக் காக்க முடியவில்லை. ஆனால் உயிரைக் காக்க வழியிருந்தது. வலியைத் தணிக்க மருந்து இருந்தது. பணிவிடை செய்யக் கைகள் இருந்தன. ஆகவே அங்கே அறம் ‘வாழவை’ என்றது. சபர்மதியில் எல்லா வழிகளும் அடைபட்டபின் அதே அறம் ‘விடுவி’ என்றது. முடிவுகள் எதிரெதிரானவை, வேர் ஒன்றே. இரண்டு இடங்களிலும் எழுந்த வினா, ‘எனக்கு எது எளிது?’ என்பதன்று, ‘இவ்வுயிருக்கு எது நன்று?’ என்பதே.

சுவைட்சரும் தம் நூலில் இந்தக் கன்றின் நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுள்ளார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. துன்பத்தைத் துடைக்க முன்வராத அகிம்சை முழுமையடையாது என்ற தம் கருத்துக்கு அவர் அதில் ஒரு துணையைக் கண்டார். எனினும் காந்தியடிகளின் பெயரைச் சொல்லி, பேண இயலும் உயிரைத் தொல்லை என்று கருதி முடித்துவிடுவது பிழை. அகிம்சையின் பெயரைச் சொல்லி, புழுத்த புண்ணோடு ஓர் உயிரை மருந்தின்றி விட்டுவிடுவதும் பிழையே. இரண்டிலும் தன்னலம் வேறு வேறு ஆடை அணிந்து வருகிறது.

நம் வாயிலருகே

இந்நாட்டுக்கு இக்கருத்துகள் புதியவை அல்ல. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததை அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் பதித்து வைத்தார். முதிர்ந்த, ஊனமுற்ற கால்நடைகளைப் பேணும் ‘பிஞ்சரபோல்’ என்னும் அமைப்புகள் குஜராத்தில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதற்காக மாநிலங்களவையில் முன்முயற்சி எடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். தேவையற்ற வேதனை தரும் வகையில் விலங்குகளை ஏற்றிச் செல்வது அச்சட்டத்தின்படி குற்றம். உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு கூறுகிறது. மனிதருக்கு ‘ஜெய்ப்பூர்க் கால்’ உருவான அதே நகரத்தில், கன்றுகளுக்கும் பசுக்களுக்கும் செயற்கைக் கால் செய்து தரும் கால்நடை மருத்துவரும் தோன்றினார்.

சட்டமும் மரபும் இருந்தும் குறைவது அன்றாடக் கவனம் ஒன்றே. வீட்டிலிருந்து வெளியே எறியும் உணவுக் கழிவைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து எறிந்தால், பசு அதைப் பையோடு விழுங்குகிறது. அறுவை மருத்துவத்தில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 30 கிலோவுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகள் உண்டு. திருநாட்களில் கோசாலைக்குச் சென்று பொங்கலும் சோறும் இனிப்பும் குவிக்கும் அன்பர்கள், மறுநாள் அப்பசுக்கள் வயிறு உப்பி வருந்துவதைக் காண்பதில்லை. ஒரு கட்டுப் பசும்புல்லோ உலர்தீவனமோ கொடுப்பதே உண்மையான நைவேத்தியம். கோசாலைக்குக் கொடை தருபவர், கறவைப் பசுவின் பெயரால் தருவதோடு, நொண்டிக் காளைக்கும் கண்ணிழந்த எருமைக்கும் மருந்துச் செலவை ஏற்கலாம். எழ முடியாமல் கிடக்கும் மாட்டைக் கண்டால், அது பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கவிடலாகாது; அவ்வாறு கிடந்தால் வயிற்றில் வாயு வெளியேற வழியின்றி உப்பிவிடும். நெஞ்சு தரையில் படியுமாறு நிமிர்த்தி அமர்த்தி, வைக்கோலால் முட்டுக் கொடுத்து, மருத்துவரை அழைத்தல் வேண்டும். இவை சிறு செய்திகள்தாம். ஆயினும் ‘ஐயோ பாவம்’ என்ற சொல்லைக் கருணையாக்குபவை இத்தகைய சிறு செய்திகளே.

ஆல்பி எவருக்கும் பால் தரவில்லை. உழைத்து ஈட்டித் தரவில்லை. அது பெற்ற பணிவிடைக்குக் கைம்மாறு செய்ய அதனிடம் ஒன்றும் இல்லை. கைம்மாறு கருதாத பணியே நிஷ்காம்ய சேவை என்று சாதகர்கள் படிக்கிறார்கள். அதைப் பயில, நன்றி சொல்லத் தெரியாத ஓர் உயிரைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எது? தினமும் காலையில் ஒருவர் குனிந்து, ஒரு வெள்ளாட்டின் காலில் பட்டையைக் கட்டிவந்தார். ஒரு காலத்தில் கொல்வதற்காக அக்கால்களில் கயிறு கட்டப்பட்டது. பின்னர் நடப்பதற்காகப் பட்டை கட்டப்பட்டது. இரண்டையும் செய்தவை மனிதரின் கைகளே. எந்தக் கையாக இருப்பது என்பதை ஒவ்வொருவரும் நாள்தோறும் முடிவு செய்கிறார்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தீங்கு செய்யாமை, துன்பம் துடைத்தல் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? அன்றாட வாழ்வில் நாம் எதனோடு நின்றுவிடுகிறோம்?

2. கொடுப்பவரின் மகிழ்ச்சிக்காகக் கொடுத்த கொடை எதுவென்று தம் வாழ்விலிருந்து ஒவ்வொருவரும் ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கவும்.

3. காந்தியடிகளின் நான்கு நிபந்தனைகளில் பேணுபவரின் வசதி இடம்பெறாதது ஏன்?

4. தாம் அடைந்த துன்பம் தம் உள்ளத்தை இறுக்கிற்றா, விரித்ததா?

5. இந்த மாதத்தில், கைம்மாறு செய்ய இயலாத ஓர் உயிருக்கு ஆற்றக்கூடிய ஒரு பணியைத் தேர்ந்து, அதற்குத் தேவையான அறிவை முதலில் யாரிடம் கற்பது என்று முடிவு செய்யவும்.